முதியோர் வீழ்ச்சியும் இளைஞர் கடமையும்

(எமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



எம் போன்ற இளையோர் இம்மேடையில் ஏறினால் மொழியைப் பற்றியோ, கலையைப் பற்றியோ, சமயத்தைப் பற்றியோ பேசுவதே வழக்கம். இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள் அவ்வளவு உயர்ந்ததாகத் தோன்றாது. கிணற்றடிப் பாசி, வாசற்படி, இரவில் எரியாத விளக்கு, தேய்ந்த செருப்பு ஆகியனவே எமது பொருள். வயது முதிர்ந்தோர் நிலத்தில் விழுவதைப் பற்றியும், விழாதிருக்கச் செய்யக்கூடியவற்றைப் பற்றியும் பேச வந்திருக்கின்றோம். இப்பொருளை யாம் தேடிச் சென்று எடுக்கவில்லை. அது எமது வீட்டுக்குள்ளே வந்து எம்மைப் பிடித்துக்கொண்டது. ஆகையால் முதலில் எமது வீட்டுக் கதையையே சொல்லிவிடுகின்றோம்.

எமது அம்மம்மாவுக்கு வயது எழுபத்தெட்டு. விடியப்புறம் நான்கரை மணிக்கு எழுந்து, கிணற்றடியிற் குளித்து, பூப் பறித்து, கோயிலுக்குப் போய்வந்த பின்னரே தேநீர் குடிக்கும் பழக்கமுடையவர். சென்ற ஆண்டு மாரிகாலத்தில், பல்கலைக்கழக விடுமுறைக்கு யாம் வீடு வந்திருந்தோம். கிணற்றடிச் சீமெந்திற் பச்சைப் பாசி படர்ந்திருந்தது. "அதை ஒருக்கால் தேய்ச்சு விடு" என்று அம்மா இருமுறை சொன்னார். நாளைக்குச் செய்வதாக யாமும் இருமுறை சொன்னோம். மூன்றாம் நாள் விடியப்புறம் அம்மம்மா அந்தப் பாசியிலே சறுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது.

வைத்தியசாலையில் வைத்தியர் கேட்ட முதற் கேள்வி, அம்மம்மா இதற்கு முன்பு எப்போதாவது விழுந்ததுண்டா என்பது. இல்லையென்று யாம் எல்லோரும் ஒரே குரலிற் சொன்னோம். கட்டிலிற் கிடந்த அம்மம்மா கண்ணை மூடிக்கொண்டு, "இரண்டு தரம் விழுந்தனான்" என்றார். ஒருமுறை கோயில் வெளிவீதியில். ஒருமுறை குசினிப் படியில். முழங்கையில் இருந்த காயத்துக்குச் சட்டி சுட்டதென்று எமக்குச் சொல்லியிருந்தார். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டோம். "சொன்னால் நீங்கள் என்னைக் கோயிலுக்குப் போக விடமாட்டியள்" என்றார்.

அன்று தொடக்கம் இரண்டு விஷயங்கள் எம்மை விட்டகலவில்லை. பாசியைத் தேய்க்காமல் விட்டது ஒன்று. விழுந்ததைச் சொல்ல அஞ்சும்படி வீட்டை வைத்திருந்தது மற்றொன்று. இவ்விரண்டினுள் எது பெரிய பிழையென்று பல நாள் யோசித்தோம். இரண்டாவதே பெரிதென்பது எமது முடிவு. அதன் காரணத்தை இப்பேச்சின் முடிவிற் காண்பீர்கள்.

வீட்டுக்கு வந்த அயலார், "யானைக்கும் அடி சறுக்கும்" என்று ஆறுதல் சொன்னார்கள். வயது போனால் விழுவது இயற்கைதானே என்றார்கள் சிலர். கிரகநிலை சரியில்லை என்றார்கள் வேறு சிலர். அன்பினாற் சொன்ன வார்த்தைகளே அவை. ஆயினும் அவை உண்மை அல்ல. முதியோர் விழுவதற்குக் காரணங்கள் உண்டு. அக்காரணங்களை எண்ணலாம், தேடிப் பிடிக்கலாம், பலவற்றை நீக்கவும் செய்யலாம்.

அமெரிக்காவிலே யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி ரினெற்றி என்னும் வைத்திய அம்மையார் இதனை ஆராய்ந்து 1988 ஆம் ஆண்டில் வெளியிட்டார். தத்தம் வீடுகளில் வாழும், எழுபத்தைந்து வயதுக்குக் குறையாத 336 பேரை ஓராண்டு காலம் கவனித்ததில், அவர்களுள் நூற்றுக்கு 32 பேர் ஒருமுறையாயினும் விழுந்திருந்தனர். வயது மட்டுமே காரணமானால் எல்லோரும் ஒரே அளவாக விழுந்திருக்க வேண்டுமன்றோ? அவ்வாறில்லை. கால் வலிமைக் குறைவு, நித்திரைக் குளிசை, நடையிற் சமநிலைக் குறைவு, பாதக் கோளாறு முதலிய காரணங்களுள் ஒன்றேனும் இல்லாதவர்களிடையே விழுந்தோர் நூற்றுக்கு 8 பேர். நான்கோ அதற்கு மேலோ உள்ளவர்களிடையே நூற்றுக்கு 78 பேர். ஆகவே காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும்போதே ஆபத்தும் ஏறுகின்றது. ஒன்றைக் கழித்தாலும் ஆபத்துக் குறையும் என்பது இதனாற் பெறப்படும்.

கழித்துப் பார்த்தும் விட்டார்கள். அதே அம்மையாரும் அவருடன் உழைத்தோரும் 1994 இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், எழுபது வயதுக்கு மேற்பட்ட 301 பேர் இரு கூறாக்கப்பட்டனர். ஒரு கூற்றினரின் மருந்துகளைச் சீர்செய்து, அப்பியாசம் கற்பித்து, அவரவர்க்குரிய குறைகளை நீக்க முயன்றனர். மற்றக் கூற்றினர்க்கு வழக்கமான கவனிப்பே கிடைத்தது. ஓராண்டு முடிவில் முதற் கூற்றினருள் நூற்றுக்கு 35 பேரும், இரண்டாம் கூற்றினருள் நூற்றுக்கு 47 பேரும் விழுந்திருந்தனர். ஓராண்டு முயற்சியால் நூற்றிற் பன்னிருவர் நிலத்தில் விழாது தப்பினார்கள். விதியென்று கைகட்டி நின்றிருந்தால் அவர்களும் விழுந்தேயிருப்பார்கள்.

இஃது ஏதோ மேல்நாட்டுச் சங்கதியென்று எண்ண வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 684,000 பேர் விழுந்ததனால் உயிரிழக்கின்றனர். அவர்களுள் நூற்றுக்கு எண்பதின் மேற்பட்டோர் வருமானம் குறைந்த நாடுகளையும் நடுத்தர நாடுகளையும் சேர்ந்தோர். எமது நாட்டையும் நோக்குவோம். 1981 இல் அறுபது வயதும் அதற்கு மேலுமானோர் நூற்றுக்கு ஏழுபேர்க்கும் குறைவாயிருந்தனர். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலே பன்னிருவர்க்கு மேலாயினர். போதாக்குறைக்கு, எமது பகுதியிற் பிள்ளைகள் வெளிநாடுகளிலும் கொழும்பிலும் இருக்க, பெரிய வீட்டில் இரண்டு முதியோர் மட்டும் வாழும் குடும்பங்கள் எத்தனை! அவ்வீட்டில் ஒருவர் விழுந்தால் தூக்கிவிடுபவரும் மற்றொரு முதியவரே.

இனி, மனிதன் நிமிர்ந்து நிற்பது எவ்வாறு என்பதைச் சிறிது பார்ப்போம். நாம் நிற்பதைப் பெரிய காரியமாக எண்ணுவதில்லை. ஆனால் கண் நிலத்தைப் பார்த்துச் சொல்லுகின்றது. உட்காதிலுள்ள கருவி தலை எப்பக்கம் சாய்ந்ததென்று சொல்லுகின்றது. பாதமும் மூட்டும் நிலம் வன்மையா மென்மையா, சரிவா சமமா என்று சொல்லுகின்றன. மூளை இவற்றை ஒன்றுசேர்த்துக் காலின் தசைகளுக்கு ஆணையிடுகின்றது. இளைஞனின் கால் கல்லிலே தடக்கினால், அவன் தடக்கியதை உணருமுன்னரே மற்றக் கால் முன்வந்து தாங்கிவிடும். முதுமையில் இச்செய்திகளும் மங்குகின்றன, ஆணையும் தாமதிக்கின்றது, தசையும் மெலிகின்றது. கல் அதே கல்தான். தாங்கும் கால்தான் ஒரு கணம் பிந்துகின்றது.

அந்த ஒரு கணத்தை மேலும் நீட்டும் குற்றங்கள் சரீரத்துள்ளே சில உள்ளன. முதலாவது கண். புரை படர்ந்த கண்ணுக்குப் படியின் விளிம்பு தெரியாது. தூரத்துக்கும் கிட்டத்துக்குமாக இரு பகுதியாய் அமைந்த மூக்குக்கண்ணாடி வாசிப்பதற்கு நன்று; ஆனால் அதன் கீழ்ப்பகுதியினூடே படியைப் பார்த்து இறங்கும்போது படி கலங்கித் தெரியும். அதனாற் பலர் தடுக்கி விழுகின்றனர்.

இரண்டாவது, எழும்பும்போது இரத்த அமுக்கம் விழுதல். படுத்திருந்தவர் சடுதியாக எழுந்ததும் தலை சுற்றிக் கண் இருள்வதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். படுக்கையிற் பார்த்த மேல் அமுக்கம், எழுந்து மூன்று நிமிடத்துள் 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்குமாயின் அது கவனிக்கவேண்டிய குறை. போதிய தண்ணீர் குடியாமை, வெயில், உபவாசம், சில குளிசைகள் ஆகியன இதனை மிகுவிக்கும்.

மூன்றாவது மருந்து. பிரஷருக்கு ஒன்று, சலரோகத்துக்கு இரண்டு, சலம் கழிவதற்கு ஒன்று, நித்திரைக்கு ஒன்று, தடிமலுக்குக் கடையில் வாங்கியது ஒன்று என ஒரு பையிலே பல குளிசைகள் சேர்ந்துவிடுகின்றன. நித்திரைக் குளிசையும், தூக்கம் வரச்செய்யும் தடிமற் குளிசையும் கால்களைத் தள்ளாடச் செய்வன. ஆனால் ஒன்றைச் சொல்லிவைக்கின்றோம். இதைக் கேட்டு எவரும் தாமாகக் குளிசையை நிறுத்திவிடக்கூடாது. பையிலுள்ள யாவற்றையும் அப்படியே கிளினிக்குக்குக் கொண்டுபோய், மேசையிற் கொட்டி, எவை இன்னும் வேண்டும், எவற்றைக் குறைக்கலாம் என்று வைத்தியரைக் கேட்பதே முறை.

நான்காவது அவசரம். இரவிலே சலம் கழிக்க மூன்று தரம் எழும்பும் முதியவர் இருட்டில், தூக்கக் கலக்கத்தில், அடக்க முடியாத அவசரத்தோடு ஓடுகின்றார். கண்ணும் இல்லை, விளக்கும் இல்லை, நிதானமும் இல்லை. காரணங்கள் நான்கும் ஓரிடத்திற் கூடிவிட்டன. பிறகு விழுந்ததற்கு யாரை நோவது?

வெளியே உள்ள காரணங்களுக்கு நம் வீடுகளையே நடந்து பார்த்தாற் போதும். மலசலகூடம் பல வீடுகளில் இன்னும் வளவின் பின்புறத்தில் இருக்கின்றது. வழியிலே வேர், வாளி, தண்ணீர்க் குழாய், நாய். குந்தியிருந்து எழும்புவதற்குப் பிடி இல்லை. கிணற்றடியிற் சவர்க்கார நீரும் பாசியும். விறாந்தைப் படிகள் ஒன்றுக்கொன்று உயரம் வேறு. படியும் சீமெந்து நிறம், நிலமும் சீமெந்து நிறம். புதிதாகக் கட்டிய வீடுகளிலோ, வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய பணத்தால் வழவழவென்ற மாபிள் பதித்திருக்கின்றோம். அதிலே நான்கு துளி தண்ணீர் சிந்தினால் இளைஞனே சறுக்குவான். வாசலிற் சுருளும் கால்மிதி, அறைக்குள் நீட்டி விட்ட மின்கம்பி, நிலத்திற் படும் சேலைத் தலைப்பு, நீண்ட சாரம், வார் தளர்ந்த இறப்பர்ச் செருப்பு என்று இப்பட்டியல் நீளும்.

கோயிலையும் சொல்லத்தான் வேண்டும். எம் முதியோர் வீட்டுக்கு வெளியே அதிகம் நடக்கும் இடம் அதுவே. அபிஷேக நீரும் எண்ணெயும் சிந்திய கருங்கல்லிலே ஈரக் காலோடு நடக்கின்றார்கள். விரத நாளில் வெறுவயிற்றோடு நெடுநேரம் நின்று, விழுந்து கும்பிட்டுச் சடுதியாக எழும்புகின்றார்கள். திருவிழாக் கூட்டம் நெருக்கும்போது பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. வழியிற் சிந்தியதை உடனே துடைத்தலும், படிக்கு ஒரு கைப்பிடி வைத்தலும், முதியோர் இருந்தெழும்ப ஒரு வாங்கு போடுதலும் எவருடைய பக்தியையும் குறைக்கமாட்டா.

இனி நீக்கும் வழிகளைச் சொல்லுகின்றோம். அவற்றுள் முதன்மையானது அப்பியாசம். 2019 ஆம் ஆண்டில் உலகின் பல பாகங்களிலும் நடந்த 108 பரிசோதனைகளை, 23,000 பேர்க்கு மேற்பட்டோர் பங்குகொண்டவற்றை, ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், வீட்டில் வாழும் முதியோர் விழும் எண்ணிக்கையை அப்பியாசம் நூற்றுக்கு 23 பங்கு குறைத்ததென்று தெரிந்தது. அப்பியாசமென்றால் பாரம் தூக்குவதென்று பயப்பட வேண்டாம். கதிரையிலிருந்து கையூன்றாமல் பத்துத் தரம் எழும்பி இருத்தல். சுவரையோ மேசையையோ பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்றல். குதியையும் பெருவிரலையும் மாறி மாறி உயர்த்துதல். ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை முட்ட வைத்து நடத்தல். கடைசியிற் சொன்னது எமது முதியோர்க்குப் புதிதன்று. அடிப்பிரதட்சணம் செய்தவர்கள் எல்லோரும் அதனை அறிவார்கள். நியூசிலாந்தின் ஒற்றாகோ பல்கலைக்கழகத்தில் வகுத்த திட்டமும் இத்தகைய அசைவுகளால் ஆனதே. கிழமைக்கு மூன்று நாள், அரைமணி நேரம், அதனோடு இயன்றளவு நடை. முதன்முறை செய்யும்போது பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். அங்கேதான் பேரப்பிள்ளையின் உபயோகம் தொடங்குகின்றது.

அடுத்தது கண். இங்கிலாந்தில் நொட்டிங்ஹாம் நகரில் எழுபது வயதுக்கு மேற்பட்ட 306 பெண்களிடத்து நடத்தி 2005 இல் வெளியிட்ட பரிசோதனையில், ஒரு கண்ணின் புரையைத் தாமதமின்றி நீக்கியவர்கள், காத்திருந்தவர்களிலும் நூற்றுக்கு 34 பங்கு குறைவாக விழுந்தார்கள். நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளிலும் இச்சத்திரசிகிச்சை செய்யப்படுகின்றது. ஆயினும், "இனி இந்த வயதிலை எனக்கென்னத்துக்கு" என்று தள்ளிப்போடும் பெரியவர்களும், கூட்டிப்போக நேரமில்லையென்று தள்ளிப்போடும் பிள்ளைகளும் எத்தனை பேர்! புரை நீக்குவது பத்திரிகை வாசிப்பதற்கு மட்டுமன்று, இடுப்பெலும்பைக் காப்பதற்குமாம்.

வீட்டிற் செய்ய வேண்டியவை மலிவானவை. கட்டிலிலிருந்து மலசலகூடம் வரை இரவில் ஒளி. அஃது இயலாவிடில் தலையணைக்கருகே ஒரு ரோச். படியின் விளிம்புகளில் வெள்ளை மையாலே ஒரு கோடு. மலசலகூடத்திலும் கிணற்றடியிலும் சுவரில் இறுக்கிய குழாய்ப் பிடி. குளிக்கும்போது இருக்க ஒரு கதிரை. கால்மிதியை நீக்கல். குதியைப் பிடிக்கும் பின்வாருடைய, சறுக்காத அடியுள்ள செருப்பு. கிணற்றடிப் பாசிக்குப் பிளீச்சிங் பவுடரும் தும்புத்தடியும் அரைமணி நேரமும். அவ்வரைமணி நேரத்தை யாம் கொடுக்கவில்லை என்பதை மீண்டும் நினைவூட்டுகின்றோம்.

எழும்பும் முறையையும் கற்றுக்கொள்ளலாம். விழித்தவுடன் எழாது, கட்டில் விளிம்பிற் காலைத் தொங்கவிட்டு ஓரிரு நிமிடம் இருந்து, பிறகு பிடித்தெழும்பி, ஒரு கணம் நின்று, அதன் பின் நடத்தல் வேண்டும். விரதம் இருக்கும் பெரியோர், சிறப்பாகச் சலரோகத்துக்கும் பிரஷருக்கும் மருந்தெடுப்போர், அந்நாட்களில் மருந்தை எவ்வாறு எடுப்பதென்று வைத்தியரை முன்கூட்டியே கேட்டுக்கொள்வார்களாக.

எவ்வளவு செய்தாலும் சிலர் விழவே செய்வர். அப்போது நாம் முதலிற் செய்வது என்ன? ஓடிப்போய்க் கக்கத்திற் கைகொடுத்துத் தூக்குகின்றோம். அது தவறு. முதலில் அவரோடு பேசி, எங்கே நோகின்றதென்று கேட்க வேண்டும். இடுப்பில் நோவெடுத்து, ஒரு கால் கட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் எலும்பு முறிந்திருக்கக்கூடும். நடக்கவைத்துப் பார்ப்பதும், எண்ணெய் பூசி உருவுவதும் கூடாது. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். அதுவரை அசைக்காது, போர்த்திவைத்திருக்க வேண்டும். தலை அடிபட்டவர் இரத்தத்தை இளக்கும் குளிசை எடுப்பவராயின், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதே புத்தி. காயம் ஒன்றுமில்லையெனத் தெரிந்தால், ஒரு பக்கம் புரண்டு, கையும் முழங்காலும் ஊன்றி, உறுதியான கதிரையைப் பிடித்துத் தாமே எழும்ப உதவலாம். தனியே வாழும் முதியோர் கைத்தொலைபேசியை மேசையில் வையாது மடியில் வைத்திருக்க வேண்டும். விழுந்தவர் நெடுநேரம் நிலத்திற் கிடப்பது விழுந்ததிலும் கேடாய் முடிவதுண்டு.

நிற்க. இப்போது எமது வீட்டுக் கதையின் இரண்டாம் பாகத்துக்கு வருகின்றோம்.

அம்மம்மாவுக்குச் சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. மறுநாளே அவரைப் பிடித்து நிற்கவைத்தார்கள். எமக்கு அது கொடுமையாகத் தோன்றியது. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, அன்பெல்லாவற்றையும் கொட்டினோம். சோறு கட்டிலுக்கு வந்தது. தண்ணீர் கட்டிலுக்கு வந்தது. அவர் காலை நிலத்தில் வைத்தால் நான்கு பேர் ஓடிவந்து, "எழும்பாதேங்கோ அம்மம்மா" என்று மறித்தோம். முன்னின்று மறித்தவர் யாமே. பாசியைத் தேய்க்காத குற்றத்துக்கு இதைப் பரிகாரமாக நினைத்தோம் போலும். மூன்று மாதம் சென்றதும் எலும்பு பொருந்தியிருந்தது. ஆனால் சுவரைப் பிடித்தும் அவரால் எழும்ப முடியவில்லை. பார்க்க வந்த உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "முறிவு சுகம். காலைக் கெடுத்தது நீங்கள்" என்றார்.

அவர் சொன்னது எமக்குச் சுட்டது. பின்னர் வாசித்தபோதுதான் அது எவ்வளவு உண்மையென்று விளங்கிற்று. 2007 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்விலே, நோயற்ற முதியவர்கள் பத்து நாள் படுக்கையில் இருந்தார்கள். அப்பத்து நாளுள் அவர்கள் கால்களின் தசையில் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் குறைந்துவிட்டது. சுகதேகிகளுக்குப் பத்து நாளில் இக்கதியெனின், அறுவைச் சிகிச்சை செய்த எழுபத்தெட்டு வயதினருக்கு மூன்று மாதத்தில் என்னவாகும்?

பெரியோர்களே, இளைஞர்களே, யாம் இன்று சொல்ல வந்த பொருள் இதுதான். விழுந்துவிடுவாரோ என்ற பயத்தினால் முதியவரை இருத்திவைக்கின்றோம். இருத்திவைப்பதாற் கால் மெலிகின்றது. கால் மெலிவதால் அடுத்தமுறை எழும்பியவுடன் விழுகின்றார். விழுந்தவரை, "ஆர் உங்களை எழும்பச் சொன்னது?" என்று ஏசுகின்றோம். ஏச்சுக்கு அஞ்சி அவர் அடுத்த வீழ்ச்சியை மறைக்கின்றார். மறைத்த வீழ்ச்சியின் காரணத்தை எவரும் தேடுவதில்லை. அஃது அங்கேயே இருந்து மறுமுறை அவரை விழுத்துகின்றது. எமது அம்மம்மா குசினிப் படியில் விழுந்த அன்றே சொல்லியிருந்தால், கண்ணையும் செருப்பையும் மருந்தையும் பார்த்திருப்போம், கிணற்றடியையும் பார்த்திருப்போம். அவர் சொல்லாதது அவர் குற்றமன்று. சொன்னாற் கோயிலைப் பறித்துவிடுவோம் என்று அவர் எண்ணினார், எண்ணியது சரியே. யாம் பறித்தேயிருப்போம்.

ஆகவே இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டு முதியவரிடம் இன்று போய், "இந்த வருஷத்துக்குள் விழுந்தீர்களா, அல்லது விழப்பார்த்தீர்களா?" என்று ஆறுதலாகக் கேளுங்கள். ஆமென்றால் ஏசாதீர்கள், "எங்கே, எப்போது, என்ன செய்யும்போது?" என்று மட்டும் கேளுங்கள். பிறகு கதிரையிலிருந்து எழுந்து, மூன்று மீற்றர் நடந்து, திரும்பி வந்து இருக்கச் சொல்லுங்கள். உங்கள் கைத்தொலைபேசியில் நேரத்தைப் பாருங்கள். பன்னிரண்டு செக்கனோ அதற்கு மேலோ எடுத்தால் அவரை வைத்தியரிடம் கூட்டிப்போய் இதைச் சொல்லுங்கள்.

சங்கத்துக்கும் ஒரு பிரேரணை. சிரமதானமென்று வீதிகளைத் துப்புரவு செய்கின்றோம், நல்லதே. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை முதியோர் வீடுகளுக்கு ஒதுக்குவோம். மூவர் ஒரு வீட்டுக்கு. ஒருவர் கிணற்றடியைத் தேய்க்க, ஒருவர் விளக்கையும் படியையும் கவனிக்க, ஒருவர் அப்பியாசம் சொல்லிக்கொடுக்கட்டும். குழாய்ப் பிடி பூட்ட ஒரு மேசனைக் கூப்பிடும் செலவு நம் ஆண்டு விழாச் சோடனைச் செலவிலும் குறைவு. முதலிற் பிள்ளைகள் அருகிலில்லாத வீடுகளுக்குப் போவோம். ஆனால் வீட்டுக்காரரைக் கேளாமல் எதையும் மாற்றக்கூடாது. அது அவர்கள் வீடு. எது எங்கே இருக்க வேண்டுமென்று அவர்களுக்கே தெரியும்.

பெரியோர்களிடம் மூன்று விண்ணப்பங்கள். விழுந்தால் மறையாது சொல்லுங்கள். பொல்லுப் பிடிப்பதை மானக்கேடாக எண்ணாதீர்கள். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வருமிடத்துக்குப் பொல்லின் பிடி வரவேண்டும், நோவுள்ள காலுக்கு எதிர்ப்பக்கத்துக் கையிற் பிடிக்க வேண்டும். மூன்றாவது, நாம் அன்பின் மிகுதியால் உங்களை இருத்திவைக்க முயன்றால் எங்களைக் கண்டியுங்கள். முற்றம் கூட்டுவதும், பூப் பறிப்பதும், கோயிலுக்கு நடப்பதும் உங்கள் காலுக்கு மருந்து. அவ்வழியைச் செப்பனிடுவது எம் வேலை. நடப்பது உங்கள் உரிமை.

எமது அம்மம்மா இப்போது எப்படியிருக்கின்றார் என்று கேட்பீர்கள். காலையும் மாலையும் கதிரையிலிருந்து எழும்பி இருக்கின்றார். முதலிற் கைகொடுத்தோம், இப்போது பக்கத்தில் நின்று எண்ணிக்கை மட்டும் சொல்லுகின்றோம். பொல்லோடு படலை வரை தனியே போவார். வெள்ளிக்கிழமைகளில் ஓட்டோவிற் கோயில் வாசல் வரை போய், உள்ளே நடந்து கும்பிட்டு வருகின்றார். முன்போல விடியப்புறக் குளிப்பும் தினமும் நடந்துபோகும் கோயிலும் இல்லை. அவை திரும்பி வருமென்று சொல்லவும் எமக்குத் துணிவில்லை. பாசியை மட்டும் யாம் வீட்டில் நிற்கும் நாட்களிலெல்லாம் தேய்க்கின்றோம்.

ஆயினும் ஒரு சந்தோஷம். சென்ற மாதம் வீட்டுக்குப் போயிருந்தபோது அம்மம்மா கூப்பிட்டு, "இண்டைக்கு விறாந்தையிலை கால் தடக்கினது மோனை. விழேல்லை" என்றார். ஏசவில்லை. எந்தக் காலென்று கேட்டோம். செருப்பைக் கழற்றிப் பார்த்தோம், வார் அறுந்துகொண்டிருந்தது. அன்று பின்னேரமே புதுச் செருப்பு வாங்கினோம். அவர் தாமாகச் சொன்ன முதல் தடக்கல் அதுதான்.

வீட்டுக்குப் போனதும் கிணற்றடியை ஒருமுறை பாருங்கள்.